மருந்து

எங்கள் வீட்டில் மருந்துக்கு இரண்டு இடம்.
ஒன்று குளிர்பெட்டிக் கதவில், முட்டைக்குப் பக்கத்தில்,
நாத்தனார் செரபின் அக்காவுடைய இன்சுலின்.
இன்னொன்று இரும்பு அலமாரி. அதன் சாவி
என் கழுத்துச் செயினில், சிலுவையோடு உரசும்.

ஞாயிறு. இரண்டாம் பூசை முடிந்து வந்தோம்.
லிங்கராஜபுரத்தில் மழை,
மேம்பாலத்துக்குக் கீழே ஆட்டோக்கள் நீந்தின.
சாப்பாட்டு மேசையில் பழைய கன்னடப் பேப்பர் விரித்து
இருபத்தைந்து வெற்றுத் தோட்டாக்களை நிறுத்தினேன்.
ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து.
போன வாரம் சுட்டு, நானே குனிந்து பொறுக்கியவை.
ரேஞ்சு காவலாளி சிரித்தான்:
"மேடம், பித்தளைக் கடைக்கா?"

செத்த கேப்பைத் தட்டி எடு.
சுருங்கிய வாயை நிமிர்த்து.
புதுக் கேப். ஒரு கரண்டி மருந்து, தலைதட்டி.
வில்லை, பஞ்சு, ரவை.
மூடிச் சுருட்டு.

மேல்வீட்டு ஜெசிந்தா நடுவில் வந்தாள்,
ஒரு டம்ளர் ரவை இருக்குமா என்று.
தட்டில் ஈய ரவை கறுப்பாக உருண்டுகொண்டிருந்தது.
பார்த்தாள். "கடைக்கே போறேங்க" என்றாள்.

பதினொன்றாவதில் போன்.
மஸ்கட்டிலிருந்து செல்வின்.
"அம்மாவுக்கு மருந்து போட்டாச்சா அத்தை?"
கரண்டி கையில் இருந்தது.
"போட்டாச்சுப்பா" என்றேன்.

அப்புறம் கை பாட்டுக்குப் போனது.
வில்லை, பஞ்சு, ரவை. வில்லை, பஞ்சு, ரவை.
இருபத்தைந்தாவதைச் சுருட்டும்போதுதான்
சந்தேகம் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தது.

பதினொன்றில் இரண்டு தடவை போட்டேனா?
போடவே இல்லையா?
அவனுக்குச் சொன்னது எந்த மருந்தை?

தராசு உதவாது.
ரவையின் எடை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும்,
ஒரு கரண்டி மருந்து அதற்குள் ஒளிந்துகொள்ளும்.
மருந்து இல்லாதது 'பொட்' என்று ஏமாற்றும்,
பஞ்சு குழலுக்குள் சிக்கி அடுத்த தோட்டாவுக்காகக் காத்திருக்கும்.
இரட்டை மருந்து குழலையே கிழிக்கும்.
அந்தக் குழலுக்குப் பின்னால்தான்
என் வலது கன்னம் சாய்ந்திருக்கும்.

பிரித்தேன்.
ஒவ்வொன்றாக, கத்தி முனையால் வாயைத் திறந்து,
ரவையைக் கிண்ணத்தில் கொட்டி,
பஞ்சைக் கொக்கியால் இழுத்து.
பதினொன்று சரி.
பன்னிரண்டு சரி. பதினெட்டு சரி.
இருபத்தைந்து வரைக்கும் சரி.
இத்தோடு விட்டுவிடலாம் என்று எழுந்தேன்,
ஏனோ திரும்ப உட்கார்ந்தேன்.

நாலாவதில் ஒன்றுமில்லை.
நாலாவது. போனுக்கு ரொம்ப முன்னால்,
காபி இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தபோது,
சத்தியம் செய்திருப்பேன் என்று நினைத்த தோட்டா.

உள் அறைக்குப் போனேன்.
அக்கா சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கினாள்.
குப்பைக் கூடையில் இரண்டு ஊசி.
ஒன்று நேற்று ராத்திரியுடையதா?
அவளைப் பிரித்துப் பார்க்க முடியாது.

சுண்டுவிரலில் குத்தி ஒரு சொட்டு.
மெஷின் ஐந்து எண்ணியது.
நூற்று நாற்பது.
போட்டிருந்தாலும் அது வரும்,
போடாவிட்டாலும் அது வரும்.

"இப்பத்தானே குத்துனே" என்றாள் கண் திறக்காமல்.
"எங்கக்கா? விரல்லயா, வயித்துலயா?"
பதில் குறட்டையாக வந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.
மடியில் குளுக்கோஸ் பாக்கெட்.
மணிக்கு ஒரு விரல் என்று கணக்கு.
சுண்டுவிரல், மோதிரவிரல்.
பானஸ்வாடிப் பக்கம் ரயில் போனபோது
மேசைமேல் கிண்ணத்து ரவை முழுக்க மெல்லக் கிலுகிலுத்தது.

நடுவிரலில் விழித்தாள்.
நூற்றுப் பதினெட்டு.
"இன்னைக்கு எத்தனை போட்ட?"
"ஒண்ணுமில்ல. எல்லாத்தையும் பிரிச்சுட்டேன்."
"அப்ப சனிக்கிழமை போட்டி?"
கையை எடுத்து ஆள்காட்டி விரலைத் துடைத்தேன்.
"பசிக்குதா?" என்றேன்.
யோசித்தாள்.
"ரவை இருக்கா?"